குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) அழற்சிக்கான அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்: போகும் முன்பும், அறிக்கை கைக்கு வந்த பின்பும் செய்ய வேண்டியவை

என் மகனுக்கு 14 வயது. ஒரு செவ்வாய்க்கிழமை மாலை தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்றான். புதன்கிழமை காலையில் அந்த வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கியிருந்தது. அன்று மதியமே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தோம். அறிக்கையின் கடைசி வரியில் 'குறிப்பிடத்தக்க கோளாறு எதுவும் இல்லை' என்று இருந்ததைப் படித்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பினோம். அதற்குச் சில வரிகள் மேலே 'குடல்வால் தென்படவில்லை' என்று எழுதியிருந்தது. நானும் படித்தேன், என் மனைவியும் படித்தார்; குடல்வாலில் கோளாறு தென்படவில்லை என்றே இருவரும் பொருள்கொண்டோம். உண்மையில் அந்த வரி சொன்னது, ஸ்கேன் எடுத்தவரின் கண்ணுக்குக் குடல்வாலே அகப்படவில்லை என்பதை. வெள்ளிக்கிழமை அதிகாலை, குடல்வால் வெடித்து வயிற்றுக்குள் சீழ் பரவிய நிலையில் அவனை அறுவை அரங்குக்குக் கொண்டுபோனார்கள்.

இன்று அவன் நலமாக இருக்கிறான். நான் மருத்துவன் அல்லன். மருத்துவமனையில் கழிந்த நாட்களில் அறுவை மருத்துவரிடமும் கதிரியக்க மருத்துவரிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றையும், பின்னர் பொறுமையாகப் படித்தறிந்தவற்றையும், முதல்முறையாக இந்த வலியோடு ஒருவரை அழைத்துக்கொண்டு ஓடும் குடும்பத்தினருக்குப் பயன்படும் வரிசையில் இங்கே எழுதுகிறேன். நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவரின் முடிவுக்கு இது மாற்றாகாது. அவரிடம் சரியான கேள்விகளைக் கேட்க உதவினால் போதும்.

1. வலி தொடங்கிய நேரத்தை எழுதி வையுங்கள்

மருத்துவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது 'எப்போதிலிருந்து வலி?' என்பதைத்தான். பதற்றத்தில் 'நேற்றிலிருந்து' என்று பொதுவாகச் சொல்லிவிடுவோம். அது போதாது. வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது, எந்த இடத்தில் தொடங்கியது, எப்போது வலப்பக்கம் நகர்ந்தது, வாந்தி வலிக்கு முன்னால் வந்ததா பின்னால் வந்ததா, கடைசியாக எப்போது பசித்துச் சாப்பிட்டார், காய்ச்சல் எவ்வளவு இருந்தது என்பவற்றை ஒரு தாளில் நேர வரிசைப்படி எழுதுங்கள். தொப்புளருகே மந்தமாகத் தொடங்கி, பசி அடங்கி, வாந்தி வந்து, சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றில் ஓரிடத்தில் நிலைகொள்வது இந்த நோயின் பழகிய வழி. ஆயினும் எல்லோருக்கும் இப்படி வருவதில்லை. குடல்வால் பெருங்குடலின் பின்புறம் மடங்கிக் கிடந்தால் வலி விலாவிலும் முதுகிலும் தெரியலாம். இடுப்புக் குழிக்குள் தொங்கினால் சிறுநீர் எரிச்சலும் வயிற்றுப்போக்கும் முன்னே வந்து நிற்கலாம்.

இந்தக் குறிப்புகளை மருத்துவர் வெறுமனே கேட்டுக்கொள்வதில்லை, எடைபோடுகிறார். பரவலாகப் பயன்படும் அல்வராடோ மதிப்பெண் முறையில் மொத்தம் 10 புள்ளிகள். வலி இடம் மாறியதற்கு 1, பசியின்மைக்கு 1, குமட்டல் அல்லது வாந்திக்கு 1, வலது அடிவயிற்றைத் தொட்டால் வலிப்பதற்கு 2, அழுத்திய கையை எடுக்கும்போது வலி சுரீரென ஏறுவதற்கு 1, காய்ச்சலுக்கு 1, இரத்தத்தில் வெள்ளையணு கூடியிருப்பதற்கு 2, அந்த அணுக்களில் நியூட்ரோபில் வகை மிகுந்திருப்பதற்கு 1. நான்கும் அதற்குக் கீழும் என்றால் ஐயம் குறைவு. ஐந்தும் ஆறும் நடுநிலை. ஏழும் அதற்கு மேலும் வலுவான ஐயம். குழந்தைகளிடமும் முதியவர்களிடமும் இந்தக் கணக்கு அவ்வளவு நம்பகமாக அமைவதில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். இதை நீங்களே கூட்டிப் பார்த்து முடிவெடுக்கச் சொல்லவில்லை. ஸ்கேன் முடிவின் பொருள், ஸ்கேனுக்கு முன்பிருந்த ஐயத்தின் அளவைப் பொறுத்து மாறும் என்பதற்காகச் சொல்கிறேன். ஐயம் மிகக் குறைவாக இருந்தவருக்குத் தெளிவில்லாத ஸ்கேன் அறிக்கை வந்தால், பெரும்பாலும் பொறுத்துப் பார்க்கலாம். எட்டுப் புள்ளி பெற்றவருக்கு அதே அறிக்கை வந்தால், அதை நம்பி வீட்டுக்குப் போகக் கூடாது.

2. ஸ்கேன் மையத்துக்கு முன் அறுவை மருத்துவரிடம் செல்லுங்கள்

நாங்கள் செய்த முதல் பிழை இதுதான். நேரமும் பணமும் மிச்சமாகும் என்று எண்ணி, தனியாக இயங்கும் ஒரு ஸ்கேன் மையத்துக்கு நேராகப் போனோம். படம் எடுத்தவருக்கு நோயாளியின் வரலாறு தெரியாது. சீட்டில் 'வயிற்று வலி' என்ற இரண்டு சொற்கள் மட்டுமே இருந்தன. அவர் கல்லீரல், பித்தப்பை, சிறுநீரகம் என முழு வயிற்றையும் வழக்கமான வரிசையில் பார்த்துவிட்டு, குடல்வால் இருக்கும் மூலைக்குக் கடைசியில் சிறிது நேரம் மட்டுமே கொடுத்தார்.

முழு வயிற்று ஸ்கேனும், குடல்வாலைத் தேடிச் செய்யும் ஸ்கேனும் ஒன்றல்ல. முன்னது பெரும்பாலும் ஆழமாகப் பார்க்கும் வளைந்த ஆய்வுமுனையால் (வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் 'ப்ரோப்') செய்யப்படுகிறது. பின்னதற்கு, ஆழம் குறைவானாலும் நுணுக்கமாகக் காட்டும் உயர் அதிர்வெண் கொண்ட நேர்கோட்டு ஆய்வுமுனை தேவை. வலது அடிவயிற்றில் அதைப் படிப்படியாக அழுத்தித் தேட வேண்டும். ஆகவே அறுவை மருத்துவரும், இரத்தப் பரிசோதனைக் கூடமும், இரவிலும் ஸ்கேன் வசதியும் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே முதலில் செல்லுங்கள். அங்கே ஸ்கேனுக்கு எழுதித் தரும் சீட்டில், 'குடல்வால் அழற்சி ஐயம், வலி தொடங்கி இத்தனை மணி நேரம், தொடுவலி வலது அடிவயிற்றில்' என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதித் தரும்படி கேளுங்கள். கேட்பதில் தவறேதும் இல்லை. கதிரியக்க மருத்துவர்களே அதைத்தான் விரும்புகிறார்கள்.

3. வயிற்றை வெறுமையாக வையுங்கள், ஆனால் ஸ்கேனுக்காக அல்ல

குடல்வாலைப் பார்ப்பதற்குப் பட்டினி கட்டாயமில்லை. ஆனால் அன்றே அறுவை நடக்கலாம் என்பதால், மயக்க மருந்து பாதுகாப்பாக இருக்க வயிறு காலியாக இருக்க வேண்டும். திட உணவுக்குப் பொதுவாக 6 மணி நேரமும், தெளிந்த நீருக்கு 2 மணி நேரமும் இடைவெளி கேட்பார்கள். வாந்தியெடுத்துக் களைத்த பிள்ளைக்கு 'கொஞ்சம் தெம்பு வரட்டும்' என்று எதையாவது ஊட்டிவிட்டால் அறுவையே தள்ளிப்போகக்கூடும். உடலுக்குத் தேவையான நீரை மருத்துவமனையில் நரம்பு வழியாக ஏற்றுவார்கள்.

மலமிளக்கி கொடுக்காதீர்கள், எனிமாவும் வேண்டாம். வலி இருக்கும் இடத்தில் வெந்நீர் ஒத்தடமும் கொடுக்காதீர்கள். வலி மருந்தைப் பற்றி ஒரு பழைய அச்சம் உண்டு: மருந்து கொடுத்தால் நோய் மறைந்துபோய், கண்டுபிடிக்க முடியாமல் போகும் என்பார்கள். மருத்துவரின் மேற்பார்வையில் கொடுக்கப்படும் வலி மருந்தால் நோயறிதல் கெடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. வலியில் துடிக்கும் குழந்தை வயிற்றை இறுக்கிக்கொள்ளும்போது ஆய்வுமுனையை அழுத்தவே முடியாது. வலி தணிந்தால் ஸ்கேனும் நன்றாக அமையும். ஆனால் வீட்டில் ஏற்கெனவே எதைக் கொடுத்தீர்கள், எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

சிறுநீர்ப்பையைப் பற்றி எங்களுக்கு இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னார்கள். கருப்பை, சூலகம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டிய பெண்களுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் உதவும். குடல்வாலை மட்டும் தேடும்போது, அளவுக்கு மீறி நிறைந்த பை அழுத்துவதற்கு இடையூறாகும். எனவே சிறுநீர் கழிப்பதற்கு முன் ஸ்கேன் அறையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீர்ப் பரிசோதனைக்கான மாதிரியும் அப்போதே தேவைப்படும்.

4. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

நேர வரிசைக் குறிப்பு முதலாவது. இதற்கு முன் எடுத்த ஸ்கேன் அறிக்கைகள் இருந்தால், படங்களோடு கொண்டுபோங்கள். பழைய படத்தில் இயல்பான குடல்வால் பதிவாகியிருந்தால் ஒப்பிட உதவும். ஒவ்வாமைகளின் பட்டியல், தொடர்ந்து உட்கொள்ளும் மருந்துகள் (குறிப்பாக இரத்தம் உறையாமல் தடுப்பவை, நீரிழிவுக்கான மெட்ஃபார்மின்), முன்பு நடந்த வயிற்று அறுவைகள், அடையாள அட்டை, காப்பீட்டு அட்டை ஆகியவையும் வேண்டும். குழந்தையென்றால் அறுவைக்கு ஒப்புதல் கையெழுத்திடும் உரிமையுள்ள பெற்றோரோ காப்பாளரோ உடனிருக்க வேண்டும். இது இல்லாமல் நள்ளிரவில் திண்டாடிய ஒரு குடும்பத்தை எங்கள் பக்கத்து அறையிலேயே பார்த்தேன். கருவுறும் வயதிலுள்ள பெண்ணுக்குக் கடைசி மாதவிடாய்த் தேதி அவசியம். கர்ப்பப் பரிசோதனை செய்யச் சொன்னால் யாரும் அதை மானப் பிரச்சினையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கருக்குழாயில் தங்கிய கர்ப்பமும் இதே இடத்தில் வலிக்கும், அதுவும் உயிருக்கே ஆபத்தானது.

5. ஸ்கேன் அறையில் நடப்பவை

பொதுவாக 10 முதல் 20 நிமிடங்களில் முடிந்துவிடும். ஊசி கிடையாது, கதிர்வீச்சும் கிடையாது. வயிற்றில் ஜெல் தடவி, ஆய்வுமுனையை வலது அடிவயிற்றில் வைத்து, மூச்சு வெளியேறும்போது சிறிது சிறிதாக அழுத்துவார்கள். 1986-இல் யூலியன் புய்லார்ட் என்ற நெதர்லாந்துக் கதிரியக்க மருத்துவர் விவரித்த இந்த அழுத்தும் முறைதான் இன்றும் அடிப்படை. அழுத்தும்போது இடையிலுள்ள குடல் வாயு விலகுகிறது. குடல்வாலுக்கும் ஆய்வுமுனைக்கும் உள்ள தொலைவு குறைகிறது. இயல்பான குடல் நசுங்கிக்கொடுக்க, வீங்கிய குடல்வால் மட்டும் நசுங்காமல் நிற்கிறது. பின்னாலுள்ள இடுப்புத் தசையும் அதையொட்டிச் செல்லும் பெரிய இரத்தக் குழாய்களும் திரையில் தெரியும்வரை அழுத்தினால்தான் தேடல் முழுமை பெறும். ஆகவே அழுத்தம் கொஞ்சம் வலிக்கும். அழுத்தவே இல்லையென்றால்தான் நீங்கள் யோசிக்க வேண்டும்.

நோயாளி இங்கே செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியம் ஒன்று உண்டு. மிக அதிகமாக வலிக்கும் புள்ளியை ஒற்றை விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். குடல்வால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு திசையில் கிடப்பதால், அந்த விரல் காட்டும் இடத்தில் தேடத் தொடங்கினால் அகப்படும் வாய்ப்புக் கூடுகிறது. குழந்தைக்கு இதை முன்கூட்டியே சொல்லிப் பழக்குங்கள். முதல் தேடலில் அகப்படவில்லை என்றால், இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லியும், முதுகுப்புறம் கையை வைத்து முன்னோக்கித் தள்ளியும் மறுபடி பார்ப்பார்கள்; பெருங்குடலின் பின்னால் ஒளிந்திருக்கும் குடல்வால் சில வேளைகளில் அப்போது தெரிந்துவிடும். 'ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பார்க்கலாமா?' என்று நீங்களே பணிவாகக் கேட்கலாம். எங்களுக்கு அப்போது அது தெரிந்திருக்கவில்லை.

பையன்களின் வயிற்று வலியில் விதைப்பையையும் பார்க்க வேண்டும். விதை முறுக்கிக்கொண்டால் வலி அடிவயிற்றில் மட்டுமே தெரியக்கூடும். வெட்கத்தால் பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள். அங்கே மணிக்கணக்கில் கூடத் தாமதிக்க இடமில்லை.

6. அறிக்கையை வரிவரியாக வாசியுங்கள்

கடைசி வரியிலிருந்து தொடங்காதீர்கள். 'குடல்வால்' அல்லது 'அப்பெண்டிக்ஸ்' என்ற சொல் எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். அங்கே மூன்றில் ஒன்று எழுதியிருக்கும். அல்லது எதுவுமே எழுதியிருக்காது.

முதலாவது, குடல்வால் தென்பட்டது, அது வீங்கியிருக்கிறது என்ற செய்தி. வெளிவிட்டம் 6 மில்லிமீட்டருக்கு மேல், ஒரு முனை மூடிய குழாய், அழுத்தினால் நசுங்கவில்லை, அசைவு இல்லை, சுற்றியுள்ள கொழுப்பு வெண்மையாகத் தடித்திருக்கிறது, சுவரில் இரத்தவோட்டம் கூடியிருக்கிறது, ஆய்வுமுனையை வைத்த இடத்திலேயே வலிக்கிறது என்ற விவரங்கள் சேர்ந்து வந்தால் நோய் ஏறத்தாழ உறுதி. ஆங்கில அறிக்கையில் இவற்றை 'நான் கம்ப்ரசிபிள்' (நசுங்கவில்லை), 'ஏபெரிஸ்டால்டிக்' (அசைவு இல்லை), 'ப்ரோப் டெண்டர்னஸ்' (ஆய்வுமுனை வைத்த இடத்தில் வலி) என்றெல்லாம் எழுதுவார்கள். விட்டத்தை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு பதறவும் கூடாது. மலமோ வாயுவோ நிறைந்த இயல்பான குடல்வாலும் 6 மில்லிமீட்டரைத் தாண்டுவதுண்டு. 6 முதல் 8 வரை உள்ள அளவுகளை மற்ற அடையாளங்களோடு சேர்த்துத்தான் மதிப்பிடுகிறார்கள். 'அப்பெண்டிகோலித்', அதாவது குடல்வாலுக்குள் கெட்டிப்பட்ட கல், இருக்கிறது என்று எழுதியிருந்தால் அதைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். அறுவையின்றி நுண்ணுயிர்க்கொல்லி மருந்தாலேயே பார்க்கலாமா என்ற பேச்சு வரும்போது அந்த ஒரு சொல் முக்கியமாகிவிடும். 2020-இல் வெளியான கோடா என்ற பெரிய ஆய்வில், மருந்து மட்டும் பெற்றவர்களில் 90 நாட்களுக்குள் அறுவை தேவைப்பட்டவர்கள் கல் இல்லாதவர்களிடையே நூற்றுக்கு 25 பேர். கல் உள்ளவர்களிடையே 41 பேர்.

இரண்டாவது, குடல்வால் முழு நீளத்துக்கும் தென்பட்டது, இயல்பாக இருக்கிறது என்ற செய்தி. நிம்மதியடையத் தக்க அறிக்கை இது ஒன்றுதான். ஆனால் 'முழு நீளத்துக்கும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். அழற்சி சிலருக்கு நுனியில் மட்டுமே இருக்கும். அடிப்பகுதியை மட்டும் பார்த்துவிட்டு இயல்பு என்று எழுதினால் நுனி தப்பிவிடும். 'நுனிவரை பார்த்தீர்களா?' என்பது கேட்கத் தகுந்த கேள்வி.

மூன்றாவது, எங்களை வீழ்த்திய வரி: 'குடல்வால் தென்படவில்லை', ஆங்கிலத்தில் 'நாட் விஷுவலைஸ்டு'. இது இயல்பு என்ற முடிவு அல்ல, முடிவே அல்ல. குடல் வாயு, உடல் பருமன், குடல்வால் பின்புறம் மறைந்திருப்பது, வலியால் அழுத்த முடியாமை, தேடுபவரின் அனுபவம் என இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றுள் ஒன்று எல்லோரையும் ஏமாற்றக்கூடியது: குடல்வால் ஏற்கெனவே வெடித்து, உள்ளிருந்த அழுத்தம் இறங்கிவிட்டால், அதன் வடிவம் குலைந்து ஸ்கேனில் அடையாளம் காண்பது கடினமாகிவிடும். இந்த வரியைக் கண்டால், உடனே 'மறைமுக அடையாளங்கள்' பற்றி அறிக்கை என்ன சொல்கிறது என்று பாருங்கள். கொழுப்புத் தடித்திருப்பது, நீர் கோத்திருப்பது, சீழ்க்கட்டி, அந்தப் பகுதிக் குடல் அசைவற்றிருப்பது போன்றவை இருந்தால் குடல்வால் தெரியாவிட்டாலும் ஐயம் வலுக்கிறது. இவை எதுவும் இல்லையென்றால் ஐயம் குறைகிறது, மறைந்துவிடுவதில்லை. இளம் பெண்களுக்கு இடுப்புக் குழியில் சிறிதளவு நீர் இயல்பாகவே இருக்கலாம் என்பதால், அதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

குடல்வால் பற்றி ஒரு சொல்கூட இல்லாத அறிக்கையும் உண்டு. அதைத் தென்படாத அறிக்கையாகவே கொள்ளுங்கள். எழுதியவரிடம் திரும்பிப் போய்க் கேளுங்கள்.

இன்னும் இரண்டு பொறிகள். குழந்தைகளின் அறிக்கையில் 'நிணநீர்க் கணுக்கள் வீங்கியுள்ளன, மீசென்டரிக் அடினைடிஸ்' என்று அடிக்கடி வரும். அது தானாகவே அடங்கும் தொல்லைதான். ஆனால் குடல்வால் அழற்சியோடும் கணுக்கள் வீங்கும். குடல்வாலைப் பார்க்காமல் கணுக்களை மட்டும் பார்த்துவிட்டு அந்தப் பெயரைச் சூட்டினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். அதுபோலவே, சிறுநீரில் சில வெள்ளையணுக்கள் தெரிந்ததால் 'சிறுநீர்த் தொற்று' என்று மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பப்பட்டவர்கள் பலர். வீங்கிய குடல்வால் சிறுநீர்க் குழாயையோ சிறுநீர்ப்பையையோ உரசிக்கொண்டிருந்தாலும் அப்படி வரும்.

7. தென்படாவிட்டால் அடுத்து என்ன

இங்கே மூன்று வழிகள் உண்டு. எந்த வழி என்பதை நோயாளியின் நிலையைக் கொண்டு அறுவை மருத்துவர் முடிவு செய்வார்.

ஐயம் நடுத்தரமாக இருந்து, நோயாளி தெம்பாகவும் இருந்தால், மருத்துவமனையிலேயே வைத்துச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை வயிற்றைத் தொட்டுப் பார்த்து, இரத்தப் பரிசோதனையையும் ஸ்கேனையும் மறுபடி செய்வது ஒரு வழி. இது நேரத்தைக் கடத்துவது அல்ல. தொடக்கத்தில் வீக்கம் சிறிதாக இருந்து ஸ்கேனுக்குத் தப்பியது, 6 முதல் 12 மணி நேரத்தில் தெளிவாகத் தெரியலாம். இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதத்தின் அளவும் முதல் சில மணி நேரம் இயல்பாகவே இருந்துவிட்டுப் பிறகுதான் ஏறும். முடிந்தால் இரண்டாவது ஸ்கேனை அனுபவம் மிகுந்த வேறொருவர் செய்வது நல்லது. அல்ட்ராசவுண்டின் பயன் கருவியைவிடக் கையைப் பொறுத்தது. பெரிய குறையும் அதுவே.

இரண்டாவது வழி சி.டி. ஸ்கேன். வயது வந்தவர்களுக்கு இது அல்ட்ராசவுண்டைவிட உறுதியான விடை தரும். வாயுவும் பருமனும் அதற்குத் தடையில்லை. கதிர்வீச்சு உண்டு என்பதாலும், நரம்பில் செலுத்தும் சாய மருந்துக்கு ஒவ்வாமையும் சிறுநீரகச் செயல்பாடும் பார்க்க வேண்டும் என்பதாலும், குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் முதலில் அல்ட்ராசவுண்ட், விடை கிடைக்காவிட்டால் சி.டி. என்ற வரிசையைப் பல மருத்துவமனைகள் பின்பற்றுகின்றன. எனக்கு இந்த வரிசை மிகவும் நியாயமாகத் தோன்றுகிறது. ஆனால் அந்த வரிசையின் இரண்டாம் படியை மறந்துவிட்டால் முதல் படியால் தீங்கே விளையும். கதிர்வீச்சுக்கு அஞ்சித் தேவையான சி.டி.யை மறுப்பது, வெடித்த குடல்வாலோடு ஒப்பிடும்போது, தவறான கணக்கு.

கருவுற்ற பெண்களுக்கு மூன்றாவது வழியான எம்.ஆர்.ஐ. உள்ளது. கதிர்வீச்சு இல்லை, சாய மருந்தும் இல்லாமலே எடுக்கலாம். வளரும் கருப்பை குடல்வாலை மேலே தள்ளுவதாலும் அழுத்துவதற்கு இடமின்மையாலும், கர்ப்பத்தின் பிற்பகுதியில் அல்ட்ராசவுண்டில் குடல்வால் அகப்படுவது அரிது. எம்.ஆர்.ஐ. வசதி எங்கே இருக்கிறது என்று முன்பே விசாரித்து வையுங்கள். எல்லா இடத்திலும், எல்லா நேரத்திலும் அது கிடைக்காது.

மருத்துவரின் ஐயம் மிக வலுவாக இருந்து நோயாளியின் நிலை மோசமடைந்துகொண்டே போனால், மேலும் படம் எடுக்காமல் லேப்ராஸ்கோப் (சிறு துளை வழியே வயிற்றுக்குள் செலுத்தும் கேமராக் குழாய்) வழியாகவே உள்ளே பார்ப்பதும் உண்டு. அப்போது 'ஸ்கேனில் ஒன்றுமில்லையே' என்று நாம் தடுக்கக் கூடாது.

8. செலவைப் பற்றி

படம் எடுக்கும் முறைகளில் அல்ட்ராசவுண்டே மிக மலிவானது. சி.டி. அதைப் போலப் பல மடங்கு, எம்.ஆர்.ஐ. பொதுவாக அதற்கும் மேல். இரவிலும் விடுமுறை நாளிலும் கூடுதல் கட்டணம் கேட்கலாம், சாய மருந்துக்குத் தனிக் கட்டணம் இருக்கலாம். எனவே தொகையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மருத்துவமனைக்கு வெளியே ஸ்கேன் எடுத்தால் குறைவாகும் என்பது உண்மைதான், ஆனால் அறுவை மருத்துவர் அதை நம்பாமல் மறுபடி எடுக்கச் சொன்னால் இரண்டு செலவு. எங்களுக்கு அதுவே நடந்தது. உண்மையான பெருஞ்செலவு தாமதத்தில்தான் இருக்கிறது: வெடிக்காத குடல்வாலை அகற்றியவர்கள் பெரும்பாலும் ஓரிரு நாளில் வீடு திரும்புகிறார்கள். என் மகன் 9 நாட்கள் படுத்திருந்தான். அதில் சீழை வடிக்கக் குழாய் வைத்திருந்த நாட்கள் 5.

காப்பீடு வைத்திருப்பவர்கள், ஐயத்தின் பேரில் கண்காணிப்புக்காகச் சேர்க்கப்படுவதும் இரண்டாவது ஸ்கேனும் அதற்குள் அடங்குமா என்று சேர்க்கையின்போதே கேட்டுவிடுங்கள். மறு ஸ்கேனுக்கான காரணத்தை மருத்துவர் கோப்பில் எழுதியிருந்தால் பிறகு சிக்கல் வராது.

9. வீட்டுக்கு அனுப்பினால்

ஐயம் குறைவு என்று மருத்துவர் கருதி அனுப்புவது முறையான முடிவே. ஆனால் வெறுங்கையோடு வந்துவிடாதீர்கள். எத்தனை மணி நேரத்துக்குள், யாரிடம், எங்கே மறுபடி காட்ட வேண்டும் என்பதை எழுதி வாங்குங்கள். 12 முதல் 24 மணி நேரத்துக்குள் மறுபரிசோதனை என்பது நியாயமான எதிர்பார்ப்பு. ஸ்கேன் படங்களின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள், அறிக்கைத் தாள் மட்டும் போதாது.

வலி கூடினால், காய்ச்சல் ஏறினால், வாந்தி நிற்காவிட்டால், நடக்கும்போதோ இருமும்போதோ வயிறு அதிர்ந்து வலித்தால், வயிறு பலகைபோல் இறுகினால், குறித்துக் கொடுத்த நேரம்வரை காத்திருக்காமல் உடனே திரும்புங்கள். முதியவர்களுக்கும் மிகச் சிறிய குழந்தைகளுக்கும் இவை மங்கலாகவே வெளிப்படும் என்பதால், அவர்கள் சோர்ந்து கிடப்பதையே அடையாளமாகக் கொள்ளுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை பிற்பகல் என் மகன் திடீரென்று 'வலி குறைந்துவிட்டது' என்றான். முகம் தெளிந்தது, கொஞ்சம் தூங்கினான். நாங்கள் மகிழ்ந்தோம். குடல்வால் வெடித்ததும் உள்ளழுத்தம் இறங்குவதால் வலி சிறிது நேரம் அடங்கும் என்று பிறகே எங்களுக்குத் தெரிந்தது. அன்று இரவு காய்ச்சலும் நடுக்கமும் வந்தன. ஓரிரு நாள் நீடித்த வலி எந்தச் சிகிச்சையும் இல்லாமல் சட்டென்று நின்றால், முன்பு எடுத்த ஸ்கேன் அறிக்கை எதைச் சொல்லியிருந்தாலும், அன்றே மறுபடி அறுவை மருத்துவரிடம் காட்டி, மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.